ஸ்கெல்பெக் 14: மணிக்குப் பதில் மணி

கூடப் பிறந்தவர்கள் பாகம் பிரிக்கும்போது வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்புவார்கள், தோட்டத்துக்கு நடுவே வேலி போடுவார்கள். ஹோல்ராய்ட் வீட்டு அக்காவும் தம்பியும் ஒரு ரயில் பாதையைப் பிரித்துக்கொண்டார்கள். அதுவும் பலகைமேல் ஓடுகிற, கைக்கடக்கமான ரயில்.

மொத்தம் ஏழு பலகை. ஸ்கெல்பெக் ஸ்டேஷனும் அதற்கு முன்னால் வருகிற கல் பாலமும் உள்ள நாலு பலகை மூத்தவள் மேவிஸுக்கு. சுரங்கமும், திரைக்குப் பின்னால் வண்டிகள் காத்து நிற்கிற யார்டும் உள்ள மூன்று பலகை இளையவன் ரோலண்டுக்கு. அப்பா ஆமோஸ் உயிலில் அப்படி எழுதிவிட்டுக் கண்ணை மூடினார். யார்டு இல்லாமல் ஸ்டேஷனுக்கு வண்டி வராது, ஸ்டேஷன் இல்லாமல் வண்டிக்குப் போக்கிடம் கிடையாது. ஆகவே இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று பாவம், மனுஷர் கணக்குப் போட்டார்.

சேர்ந்துதான் இருந்தார்கள். பேச்சு மட்டும் கிடையாது. இரண்டு வருஷம், நாலு மாசம்.

போன வாரக் கதை முடிந்தபோது மேவிஸ் சமையலறையில் கண்காட்சி நோட்டீஸும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். 'ஸ்கெல்பெக் - ரோலண்ட் ஹோல்ராய்ட்' என்று ஒற்றைப் பெயர்தான் அதில் அச்சாகியிருந்தது. அப்பா பெயரும் இல்லை, அவள் பெயரும் இல்லை. கிழித்தாளா என்று கேட்டு மூன்று பேர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கிழிக்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் கண்காட்சி நடக்கிற ஹாலிஃபாக்ஸ் சர்ச் ஹாலுக்கு வந்து இறங்கிவிட்டாள்.

ரோலண்டும் அவன் மனைவி பெரிலும் ஏற்கெனவே வேனிலிருந்து பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வணக்கம் சொல்வாரில்லை. அவரவர் பலகையை அவரவர் காலில் நிறுத்தி, அவரவர் போல்ட்டை முடுக்கினார்கள். நாலாவது பலகையும் ஐந்தாவது பலகையும் சேருகிற இடத்தில்தான் எப்போதும் வம்பு. அங்கே இந்தப் பக்கம் ஒருவர் தூக்கிப் பிடித்தால்தான் அந்தப் பக்கம் இன்னொருவர் முடுக்க முடியும். மேவிஸ் தூக்கினாள், ரோலண்ட் முடுக்கினான். இரண்டு முகமும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பெரிலால் அப்படி இருக்க முடியாது. அவள் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

"பொம்ம ஆடெல்லாம் எண்ணிக் கொண்டாந்தியா மேவிஸ்? போன தடவ ஒண்ணு தண்டவாளத்துல படுத்துக் கெடந்துச்சு. என் வீட்டுக்காரரு வண்டிய நிறுத்த வேண்டியதாப் போச்சு."

"ஆடு பரவால்ல பெரில்," என்றாள் மேவிஸ். "அது தெரியாமப் படுத்துச்சு. சில பேரு தெரிஞ்சே குறுக்க வந்து படுத்துக்கறாங்க."

பெரில் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அதைப் பார்த்ததே மேவிஸுக்குக் காலைச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருந்தது.

இவ்வளவு விரோதத்துக்கும் காரணம் ஓர் எஞ்சின். ஆமோஸ் ஹோல்ராய்ட் முப்பத்தொரு வருஷம் நிஜ ரயில்வேயில், நிஜ சிக்னல் கேபினில் வேலை பார்த்தவர். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, கோகோ டின்னின் தகரத்தை வெட்டி, ஈயத்தால் பற்றவைத்து, ஒன்பது மாசம் செலவழித்து ஒரு கறுப்பு எஞ்சின் செய்தார். பெண்டாட்டி பேரை வைத்து மார்த்தா என்று கூப்பிட்டார். அவர் அடக்கம் முடிந்து, ஹாம் சாண்ட்விச்சும் டீயுமாகச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது, மார்த்தாவை மட்டும் எனக்குக் கொடு என்று மேவிஸ் கேட்டாள். எஞ்சின் எல்லாம் யார்டுக்குச் சேர்ந்தது, யார்டு என்னுடையது என்றான் ரோலண்ட். கூட்டத்துக்கு நடுவில் அவள் அவனைத் திருடன் என்றாள். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு போனவன்தான். அன்றைக்கு விட்டது பேச்சு.

பேசாதவர்கள் எப்படி ரயில் விடுகிறார்கள்? அதற்கும் அப்பாதான் வழி செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஸ்டேஷன் பக்கம் ஒரு மரப்பெட்டி, யார்டு பக்கம் ஒரு மரப்பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டை, ஒரு மணி. இங்கே கட்டையைத் தட்டினால் அங்கே மணி அடிக்கும். நிஜ கேபின்களில் இருக்கிற அதே ஏற்பாடு, அதே பாஷை. நாலு தட்டு தட்டினால், எக்ஸ்பிரஸ் அனுப்பலாமா என்று அர்த்தம். பாதை காலியாக இருந்தால் இந்தப் பக்கமும் நாலு தட்டித் திருப்பிச் சொல்லவேண்டும். அதுதான் லைன் கிளியர். பாதை காலியில்லையென்றால் பேசாமல் இருக்கவேண்டும். ஆறு தட்டு ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்து என்று அர்த்தம். ஏழு, ஐந்து, ஐந்து என்று விட்டுவிட்டுத் தட்டினால், கேபினை மூடுகிறேன் என்று அர்த்தம். எதைத் தட்டினாலும் எதிர்ப்பக்கம் அதையே திருப்பித் தட்டினால்தான் அது செல்லும்.

யார்டிலிருந்து புறப்படும் வண்டியை ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டுவது ரோலண்ட். திரைக்குப் பின்னாலிருந்து அவனுக்குப் பாலமும் தெரியாது, ஸ்டேஷனும் தெரியாது. மேவிஸ் தருகிற மணியை நம்பித்தான் கைப்பிடியைத் திருப்பவேண்டும். இரண்டு வருஷமாக நம்பினான். அவளும் இரண்டு வருஷமாக ஒரு தப்பு மணி கொடுத்ததில்லை. எத்தனை வெறுப்பு இருந்தாலும் அந்த மணியில் மட்டும் இரண்டு பேரும் அப்பா பிள்ளைகளாகத்தான் இருந்தார்கள்.

அன்றைக்கு ஹாலில் நல்ல கூட்டம். இந்த மாதிரிப் பலகை ரயில்கள், அவர்கள் பாஷையில் லேஅவுட்டுகள், பன்னிரண்டு வந்திருந்தன. ஆனாலும் ஸ்கெல்பெக்கின் கயிற்றுக்கு முன்னால்தான் ஜனம் நெருக்கியது. காரணம் பாலம். பதினொரு வளைவு. ஒவ்வொரு கல்லும் அட்டையில் தனித்தனியாக வெட்டி ஒட்டியது. பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க உருளைக்கிழங்கு மசித்துவிட்டு வந்து, நாலு குளிர்காலம் மேவிஸ் உட்கார்ந்து ஒட்டியது. ஆடும் அவள் ஒட்டியதுதான். ஆனால் ஆட்டை மட்டும் சொல்வாள் பெரில்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு டன்ஸ்டன் வந்தார். மான்செஸ்டரில் வருஷா வருஷம் நடக்கிற பெரிய கண்காட்சிக்கு லேஅவுட் பொறுக்குகிறவர். அவரும் பழைய ரயில்வேக்காரர்தான். கையில் ஒரு சின்ன நோட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் கிடையாது. அவர் கூப்பிட வேண்டும் என்று ஆமோஸ் சாகிற வரைக்கும் காத்திருந்தார்.

மேவிஸுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ரோலண்டும் பெரிலும் கிறிஸ்துமஸுக்குள் வீட்டை விற்றுவிட்டு பிரிட்லிங்டன் கடற்கரைப் பக்கம் குடிபோகிறார்கள். மூன்று பலகையும் கூடவே போகிறது. மான்செஸ்டருக்கு அழைப்பு வந்தால் மட்டும் இன்னும் ஒரு வருஷம் இங்கேயே விட்டுவைப்பானாம். பெரில்தான் வந்து சொன்னாள், பிச்சை போடுகிற தோரணையில். ஆக அழைப்பு வந்தால் ஸ்கெல்பெக் முழுசாக இருக்கும். வராவிட்டால் மேவிஸின் வீட்டில் வண்டி வராத ஒரு ஸ்டேஷன் தூசி படிந்து கிடக்கும்.

ஆகவே காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தாள். இரண்டு மணிக்கு டீ வாங்கப் போகிறவரைக்கும் இருந்தாள்.

டீ மேஜைக்குப் பக்கத்தில் தூண். தூணுக்கு அந்தப் பக்கம் பெரிலின் குரல். டன்ஸ்டனுக்கு இஞ்சி கேக்கை நீட்டிக்கொண்டே கதை அளந்துகொண்டிருந்தாள். பாலம், சுரங்கம், ஸ்டேஷன் எல்லாம் தன் வீட்டுக்காரர் செய்தாராம். மாமனார் வயசான காலத்தில் கொஞ்சம் உதவினாராம்.

"அந்தப் பக்கம் ஒரு அம்மா நிக்கறாங்களே?" என்று கேட்டார் டன்ஸ்டன்.

"அவரு அக்கா. ஒண்டிக்கட்டை, பாவம். பொழுது போகணுமில்ல, ஆடு ஒட்டுவாங்க. லீவர் இழுக்கவும் ஒரு ஆள் வேணுமே."

டன்ஸ்டன் நோட்டைத் திறந்தார். இன்னும் ஒரு அரைமணி பார்க்கிறேன், எல்லாம் சரியாக ஓடினால் அழைப்பு உங்கள் வீட்டுக்காரர் பேருக்கே வரும் என்றார்.

மேவிஸ் டீயை வாங்கவில்லை. திரும்பி வந்து தன் இடத்தில் நின்றாள். காதுக்குள் கொதித்தது. நாலு குளிர்காலம். விரலெல்லாம் கத்திக் கீறல். அதெல்லாம் ரோலண்ட் ஹோல்ராய்ட் என்கிற பேரில் மான்செஸ்டருக்குப் போகும். லீவர் இழுக்க ஒரு ஆள் என்று இவளும் பின்னால் போகவேண்டும். எஞ்சினைத் திருடினான், இப்போது பாலத்தையும் திருடுகிறானா? போகட்டும் பார்க்கலாம்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சும்மா இல்லை. ஸ்கெல்பெக் முழுசாக இருக்கவேண்டும் என்று காலையிலிருந்து தவம் கிடந்தவள், இப்போது தம்பி ஒரு தடவை ஊர் சிரிக்கத் தலைகுனிய வேண்டும் என்று நினைத்தாள். அது ஒன்றைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால். பால் டப்பாக்கள் ஏற்றிய கூட்ஸ் வண்டி ஸ்டேஷனில் நின்றது. நீளமான வண்டி. கடைசியில் உள்ள கார்டு பெட்டி பாலத்தின்மேல் துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு அங்குலம் முன்னால் இழுத்து, பக்கத்து லைனுக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த வண்டிக்கு வழி கொடுக்கவேண்டும். டன்ஸ்டன் சரியாகப் பாலத்துக்கு எதிரே வந்து நின்றார்.

மணி அடித்தது. நாலு தட்டு.

எக்ஸ்பிரஸ். காலையிலிருந்து எக்ஸ்பிரஸை இழுத்தது கடையில் வாங்கிய பச்சை எஞ்சின். அது வந்து கார்டு பெட்டியில் லேசாக முட்டும், சக்கரம் இறங்கும், எல்லோரும் சிரிப்பார்கள், டன்ஸ்டன் நோட்டை மூடுவார். அவ்வளவுதான் அவள் நினைத்தது. வண்டி ஓட்டத் தெரியாதவன் என்று பெயராகும்.

அப்பா ஒன்று சொல்வார். அதைப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஜெபம் மாதிரி மனப்பாடமாக வைத்திருந்தார்கள். தெரியாமல் தப்பு லைன் கிளியர் கொடுத்தவனை ஆண்டவன் மன்னிப்பான், தெரிந்தே கொடுத்தவன் தூங்கவே மாட்டான் என்பார்.

மேவிஸ் கட்டையில் கை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று திருப்பித் தட்டினாள்.

திரைக்குப் பின்னால் மோட்டார் முனகுகிற சத்தம் கேட்டது. சுரங்கத்து வாயில் வெளிச்சம் மறைந்தது. வண்டி வெளியே வந்தது.

பச்சை இல்லை. கறுப்பு.

இரண்டு வருஷம் நாலு மாசமாக அவள் கண்ணில் படாத எஞ்சின். புகைபோக்கிக்குப் பக்கத்தில் அப்பா பற்றவைத்தபோது கைதவறி விழுந்த சின்ன வடு. மார்த்தா.

சுரங்கத்திலிருந்து கார்டு பெட்டி வரைக்கும் நாலு விநாடி ஓட்டம். ஆறு தட்டுத் தட்ட இரண்டு விநாடி போதும். கை கட்டையின்மேல்தான் இருந்தது. அது அசையவில்லை. நம்பமாட்டீர்கள், அவள் அந்த நாலு விநாடியும் அந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டேதான் நின்றாள். அவ்வளவு அழகாக ஓடி வந்தது அது.

முட்டியது. கார்டு பெட்டி குப்புற விழுந்தது. மார்த்தா ஒரு பக்கம் சாய்ந்து, பாலத்தின் விளிம்பில் ஒரு கணம் தொங்கி, பின்னால் வந்த பெட்டிகள் தள்ளியதில் கீழே போனது. மரத்தரையில் அது விழுந்த சத்தத்தில் அடுத்த லேஅவுட்காரர் கூட வண்டியை நிறுத்திவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் இந்த மாதிரி எஞ்சினுக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள். தொப்பி போட்டவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

டன்ஸ்டன் குனிந்து பொறுக்கினார். கொதிகலன் ஒரு பக்கம், சக்கரங்கள் ஒரு பக்கம். உள்பக்கத்துத் தகரத்தில் கோகோ டின்னின் பழைய எழுத்து தெரிந்தது. அவர் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யாருய்யா வண்டிய விட்டது?"

"நான்தான்," என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். மேவிஸ் தம்பியின் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அது அப்பா குரல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"லைன் கிளியர் வாங்கினியா?"

மேவிஸ் திரையைப் பார்த்தாள். சொல்லப்போகிறான். சொல்ல அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

திரை அசையவில்லை. "தப்பு என் மேலதான்," என்றான் ரோலண்ட்.

டன்ஸ்டன் எஞ்சின் துண்டுகளைப் பாலத்துப் பக்கத்தில் மெதுவாக வைத்தார். நோட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். நல்ல பாலம், மணியை மதிக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு நகர்ந்தார். மான்செஸ்டர் அவரோடு போயிற்று.

அப்போதுதான் பெரில் மேவிஸின் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு மரப்பெட்டி. உள்ளே நீல வெல்வெட், எஞ்சின் அளவுக்கு ஒரு குழி. மார்த்தா இருந்த பெட்டி. பெரில் அதைக் கோபத்தோடு நீட்டினாள்.

"இந்தா, புடி. மூணு மணிக்குள்ள கொண்டுபோய் உன் பக்கத்துல வெக்கச் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். எஞ்சின் இனிமே அந்தப் பக்கந்தான் இருக்கும், திரும்பி வராதுன்னாரு. நோட்டீசுல அவரு பேரு மட்டும் போட்டது நான். நேத்து ராத்திரி அதுக்கு அவரு என்கிட்ட கத்தின கத்து பக்கத்து வீட்டுக்குக் கேட்டுச்சு. நாக்கால மன்னிப்புக் கேக்கத் தெரியாத குடும்பம் உங்களது. வண்டில ஏத்தி அனுப்பறேன்னாரு."

மேவிஸ் பெட்டியை வாங்கக் கை நீட்டவில்லை.

"நான் அவருகிட்ட சொன்னேன், அவளுக்குப் போய்க் குடுக்காதீங்கன்னு," என்றாள் பெரில். "கேட்டாரா? இப்ப வெறும் பெட்டிய வெச்சுக்க. உன் ஆடுங்க தூங்கறதுக்கு ஆகும்."

பெட்டியை மேவிஸின் கையில் திணித்துவிட்டுப் போனாள். என்ன நடந்தது என்று பெரிலுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் திரைக்குப் பின்னால், ஒருத்தி முன்னால். நடுவே பன்னிரண்டு அடி தூரம். நடந்து போய்த் திரையை விலக்கி, நான்தான்டா பண்ணினேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. மேவிஸால் முடியவில்லை. இரண்டு வருஷமாகப் பூட்டிவைத்த நாக்கு, வேண்டுமென்றபோது திறக்கவில்லை.

மணி அடித்தது.

ஏழு தட்டு. நிறுத்தம். ஐந்து தட்டு. நிறுத்தம். ஐந்து தட்டு.

கேபினை மூடுகிறேன். கண்காட்சி முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ரோலண்ட் இன்றைக்கு மட்டும் மூடவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. இதைத் திருப்பித் தட்டினால் ஸ்கெல்பெக் முடிந்தது, பிரிட்லிங்டனுக்கு மூன்று பலகை, இவள் வீட்டுக்கு நாலு. அவள் தட்டவில்லை.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தது. ஏழு, ஐந்து, ஐந்து. ஒவ்வொரு தட்டும் அளந்து தட்டின மாதிரி, அப்பா சொல்லிக்கொடுத்தபடியே. கோபத்தில்கூட அவனுக்கு மணி பிசகவில்லை.

அவள் பதில் கொடுக்கவில்லை என்றதும் திரைக்குப் பின்னால் ஸ்பானர் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நாலாவது பலகைக்கும் ஐந்தாவது பலகைக்கும் நடுவில் உள்ள போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லாததால் அது முறுக்கிக்கொண்டு கீச்சிட்டது. பாலத்தின் பதினொரு வளைவும் லேசாக நடுங்கின.

மேவிஸ் வெறும் பெட்டியை ஸ்டேஷன் கூரைமேல் வைத்தாள். கட்டையின்மேல் விரலை வைத்தாள். நாலு விநாடி இருந்தபோது தட்டாததை இப்போது தட்டினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு.

ஆபத்து. நிறுத்து. பாதையில் வண்டி நிற்கிறது. எனக்குத் தெரிந்தே நின்றது. இதற்குமேல் அந்தப் பாஷையில் சொல்ல வழியில்லை, ஆனால் சிக்னல்காரர் மகனுக்கு இது போதும். இதையும் அவன் திருப்பித் தட்டினால்தான் செல்லும்.

ஸ்பானர் சத்தம் நின்றது.

மேவிஸ் கட்டையிலிருந்து கையை எடுக்காமல், மணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.